மாவுக்கட்டக்கா வெட்டிய கேக்

தன் அறுபதாவது பிறந்தநாளை ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாமல் கழித்துவிட வேண்டும் என்று நினைத்தாள் மாவுக்கட்டக்கா. ஊர்விட்டு ஊர் வந்து, கடல் தாண்டி, சம்பளமில்லாமல் செயற்கைக் கால் செய்துகொடுக்கிற பட்டறையில் அவளுக்கு இருந்த ஒரே பயம் அந்தப் பிறந்தநாள்தான்.

வயதை மறைக்கிற ஆசையெல்லாம் அவளுக்குக் கிடையாது. நரைமுடிக்குச் சாயம் பூசாதவள். தொண்டு நிறுவனத்தில் ஒரு விதி இருந்தது. அறுபது முடிந்த தன்னார்வலருக்கு இன்சூரன்ஸ் கிடையாது, இன்சூரன்ஸ் இல்லாதவர் பட்டறையில் கருவியைத் தொடக் கூடாது. அவளுடைய பணிக்காலம் எப்படியும் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. நடுவில் வருகிற பிறந்தநாளை அலுவலகத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இன்னும் சில நாள் இப்படியே ஓடிவிட்டால் தையற்காரியின் காலை முடித்துக் கொடுத்துவிடலாம். அதற்குத்தான் இந்தத் திருட்டுத்தனம்.

தையற்காரியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மாவுக்கட்டு அறையில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, துணியில் தோய்த்து, ஒடிந்த எலும்பைச் சுற்றிக் கட்டுகிற வேலை. பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்த ஒரு இளம் கண்டக்டருக்கு ஒருநாள் கட்டுப் போட்டாள். கட்டுப் பிரிக்க வந்த அன்று அந்த ஆள் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "என் கையை முதல்ல பிடிச்சது அவதான், அப்புறம்தான் நான் பிடிச்சேன்" என்று இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் முகம் இன்றைக்கும் சிவக்கும்.

பிறகு அவளைச் செயற்கை உறுப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் மாவுதான். வெட்டி எடுத்த காலின் மிச்சத்துக்கு அச்சு எடுப்பது, அந்த அச்சில் மாவை ஊற்றி அதே வடிவத்தில் ஒரு கட்டை செய்வது, அதை அரத்தால் ராவித் திருத்துவது, சூடான பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் போர்த்திக் கிண்ணம் செய்வது. அந்தக் கிண்ணத்துக்குள் மிச்சக் கால் எப்படி உட்காருகிறதோ அப்படித்தான் அந்த ஆளின் மீதி வாழ்க்கை உட்காரும். எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவள் கட்டைவிரல்களுக்குத் தெரியும். குடும்பத்திலும் அப்படித்தான் இருந்தாள் என்று மருமகள் சொல்வாள். அது பாராட்டா குத்தலா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றபின் கை சும்மா இருக்கவில்லை. டிவி பார்த்துக்கொண்டே சோபா கைப்பிடியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருப்பாள். தூக்கத்தில் தலையணையைப் பிசைவாள். "நேத்து என் முட்டிக்கு அச்சு எடுத்துட்டா" என்று கண்டக்டர் மகனிடம் புகார் சொன்னார். பழைய டாக்டர் ஒருவர் இந்த வெளிநாட்டுப் பட்டறையைப் பற்றிச் சொன்னபோது மகன்தான் குதித்தான், இந்த வயதில் என்ன வெளிநாடு என்று. கண்டக்டர் அவனை அடக்கினார்.

"நான் ஆயுசு பூரா ஊர் ஊரா சுத்தினேன். உங்கம்மா வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் நடந்தா. போயிட்டு வரட்டும்டா. ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துக் கொடு, அது போதும்."

அப்படி வந்து சேர்ந்தாள்.

பட்டறை ஒரு காலத்தில் லாரி நிறுத்துகிற கொட்டகையாக இருந்தது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, தரையில் இன்னும் போகாத எண்ணெய்க் கறை. ஒரு மூலையில் பிளாஸ்டிக் தகட்டை வாட்டுகிற மின்னடுப்பு, அதன் பக்கத்தில் காற்றை உறிஞ்சுகிற பம்பு. ஜன்னலோரம் வார் தைக்கிற கால்மிதித் தையல் இயந்திரம். எதைத் தொட்டாலும் வெள்ளைத் தூசி. வழக்கமாக அச்செடுக்கிற மாஸ்டர் சொந்த வேலையாக விடுப்பில் போயிருந்ததால் அந்த மாதம் அச்சு வேலை முழுக்க அக்கா தலையில். கூட இரண்டே பேர். வார் தைக்கிற தோல்காரர், ஏறக்குறைய அக்கா வயது, மீசையைத் தடவாமல் வாய் திறக்க மாட்டார். குழாயையும் பாதத்தையும் பொருத்துகிற பெண்ணுக்குப் பாதக்காரி என்றே பெயர், வாய் திறந்தால் மூட மாட்டாள். முதல் வாரம் சைகையும் சிரிப்புமாகப் போனது. அவர்கள் மொழியை அக்கா கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கிக்கொண்டாள். அவர்கள் மொழியில் அக்காவுக்கு என்ன சொல்லோ அதை வைத்து அவளைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் 'மாவுக்கட்டு' என்ற தமிழ்ச் சொல்லைச் சேர்க்க அவளே கற்றுக்கொடுத்தாள்.

அந்தப் பட்டறையில் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. யாருக்காவது பிறந்தநாள் என்றால் பேசினில் மாவைக் குழைத்து ஊற்றி, மேலே மெழுகுவத்தி குத்தி, கட்டு அறுக்கிற ரம்பத்தால் 'கேக்' வெட்டுவார்கள். வெட்டும்போது கிளம்புகிற தூசியில் எல்லோரும் வெள்ளை வேஷம் போட்டதுபோல் ஆகிவிடுவார்கள். பாதக்காரியின் பிறந்தநாளன்று அக்காவும் கைதட்டியிருக்கிறாள். "உங்களுக்கு எப்பக்கா?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் எங்க வீட்டுல மறந்தே போச்சு" என்று புளுகியிருக்கிறாள். கண்டக்டரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தாள்.

"ஏங்க, இங்க பிறந்தநாள் அது இதுன்னு போன் போட்டு மானத்தை வாங்காதீங்க."

"அறுபது வருதுடி. சும்மா விடறதா?"

"வந்தா வந்துட்டுப் போகட்டும். நான் ஊருக்கு வந்து வச்சுக்கலாம்."

காரணத்தை மட்டும் சொல்லவில்லை. சொன்னால், 'விதின்னா விதி, பொட்டியைக் கட்டு' என்பார். வாழ்க்கை முழுக்க டிக்கெட் இல்லாதவரை இறக்கிவிட்ட மனிதர்.

இப்போது தையற்காரி. வீட்டு வாசலில் காலால் மிதிக்கிற தையல் இயந்திரம் போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவள். ஒரு லாரி அவள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு போய்விட்டது. அக்கா இங்கே வந்ததும் செய்த முதல் கால் அவளுக்குத்தான். ஆனால் புதுக் காயம் ஆறினபின் மிச்சக் கால் வற்றும். கிண்ணம் தொளதொளவென்று ஆகிவிட்டது. தையற்காரி சொல்லாமல் கொள்ளாமல் அதை மாட்டிக்கொண்டே இயந்திரத்தை மிதித்திருக்கிறாள். எலும்பு முனையில் புண். அதோடு காலைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். அக்கா அவள் வீட்டுக்கே போய், அந்தக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டுக் கேட்டாள்.

"ஆறினதும் வேற ஒண்ணு செஞ்சு தர்றேன். வருவியா?"

தையற்காரி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்களே செஞ்சா வர்றேன். இன்னொரு ஆள்கிட்ட இந்தக் காலை நீட்டி, ஆரம்பத்துலேர்ந்து அழ என்கிட்டத் தெம்பு இல்லை."

"நானேதான் செய்வேன்."

வாக்குக் கொடுத்தாயிற்று. புண் ஆறுவதற்கும் பிறந்தநாள் வருவதற்கும் ஓட்டப்பந்தயம் நடந்தது. புண் ஆறிவிட்டது என்று ஆள் விட்டுச் சொன்ன தையற்காரியை அக்கா அச்செடுக்க வரச்சொன்ன நாள், வேறென்ன, அதே பிறந்தநாள்தான்.

அன்று காலை பட்டறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேசை நடுவில் ஒரு கேக். பேசினில் ஊற்றிய சின்ன கேக் இல்லை. பெரிய வாளியில் ஊற்றிக் கவிழ்த்தது, ஆளுயரம் இல்லையே தவிர மற்றபடி அரசாங்கக் கட்டடம்போல் இருந்தது. அதன் நடுவில் நீளமாக ஓர் இரும்புக் குழாய், குழாய் நுனியில் சிவப்பு ரிப்பன். சுற்றிலும் மெழுகுவத்திகள். பாதக்காரி கைதட்டிக்கொண்டே துள்ளினாள். தோல்காரர் மீசையைத் தடவினார். அவர்களுக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, நிறுவனத்தின் நிர்வாகி நின்றாள். மகள் வயதுதான். ஆனால் கண்டிப்பான பெண்.

"யாரு சொன்னது?" என்றாள் அக்கா.

"உங்க வீட்டுக்காரர்தான்! நேத்து சாயங்காலம் ஆபீசுக்குப் போன் பண்ணினாராம்" என்றாள் பாதக்காரி. "மேடம் ரிசீவரைக் காதுலேர்ந்து தள்ளி வச்சும் எங்களுக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு. 'டுடே நோ, டுமாரோ, மை வைஃப் சிக்ஸ்டி! பிக் கேக், ப்ளீஸ்!' அதான் விடியறதுக்குள்ள வந்து ஊத்தினோம்."

அடப் பாவி மனுஷா! கடல் கடந்து வந்தும் அந்தத் தொண்டையிலிருந்து தப்ப முடியவில்லையே!

"அம்மா, வாழ்த்துகள்" என்றாள் நிர்வாகி. அவள் முகத்தில் சிரிப்பும் சங்கடமும் மாறி மாறி வந்தன. "சந்தோஷமான நாள்ல இதைச் சொல்றதுக்கு மன்னிக்கணும். விதி தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலை."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே பெஞ்சில் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தையற்காரி உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. அக்கா விரலை நீட்டி அவளைக் காட்டினாள். "அவளுக்காகத்தான்மா. வாக்குக் கொடுத்துட்டேன்."

நிர்வாகி வெளியே போய் இன்சூரன்ஸ்காரருக்குப் போன் போட்டாள். திரும்பி வரும்வரை மூவரும் மெழுகுவத்தி உருகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னைக்கு நாள் முடியற வரைக்கும் செல்லுமாம். பட்டறை மூடற வரைக்கும் நீங்க வேலை செய்யலாம். நாளைக்குக் காலைல நீங்க விருந்தாளி. ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது. சரியா?"

"சரிம்மா. போதும்மா." அக்கா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நிர்வாகிக்குக் கை முழுக்க மாவு. எப்போது ஒட்டியது என்று கேட்காதீர்கள். அந்தப் பட்டறையில் அப்படித்தான்.

வழக்கமாக நாள்கணக்கில் நிதானமாகச் செய்கிற வேலை. ஒரே பகலில் முடிக்க வேண்டும். தையற்காரியை உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். அக்கா மெல்லிய உறையை மாட்டி, மாவு தோய்த்தே சுருளாக வருகிற கட்டுத்துணியை நனைத்துச் சுற்றி, முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்தாள். காய்ந்ததும் கழற்றினாள். அச்சு அப்பழுக்கில்லாமல் வந்தது.

"மாவு கொண்டாங்க, ஊத்திடலாம்."

யாரும் நகரவில்லை. தோல்காரர் மீசையைத் தடவவில்லை. பாதக்காரி முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"அக்கா... மூட்டைல இருந்தது எல்லாம்..." பாதக்காரி கேக்கைப் பார்த்தாள். "அறுபதுன்னு சொன்னாரா... பெருசா ஊத்தணும்னு ஆசை... புது மூட்டை அடுத்த வாரம்தானே வரும், இவங்க இன்னைக்கு வர்றது தெரியாது, அதுவரைக்கும் வேலை எதுவும் இல்லைன்னு நினைச்சோம்."

அறையில் இருந்த மாவெல்லாம் அவள் பிறந்தநாளுக்காக ரிப்பன் கட்டிக்கொண்டு மேசைமேல் நின்றுகொண்டிருந்தது.

தோல்காரர் ஊரிலுள்ள கடையில் பார்க்கிறேன் என்று சைக்கிளை எடுத்தார். கடைக்கு இன்று வார விடுமுறை, ஷட்டர் இறக்கியிருக்கிறது என்று திரும்பி வந்தார். தையற்காரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஊன்றுகோலுக்காகக் கையை நீட்டினாள். "பரவாயில்லைக்கா. என் ராசி" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட அக்காவால் தாங்கியிருக்க முடியும்.

அக்கா கேக்கிடம் போனாள். கோபத்தில் அதை ஒரு தள்ளு தள்ளப்போகிறாள் என்று பாதக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா நகத்தால் அதன் விளிம்பைக் கீறினாள். வெண்ணெய்போல் ஒரு சுருள் வந்தது. இன்னும் ஈரம். நடுவில் நிற்கிற குழாயை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"இந்தக் குழாயை எதுக்குங்க வச்சீங்க?"

தோல்காரர் திருதிருவென்று முழித்தார். "பெரிய மெழுகுவத்தி மாதிரி இருக்கட்டும்னு... இல்லைக்கா, பொய் எதுக்கு, கை பழக்கம். மாவு ஊத்தினா நடுவுல குழாய் வைக்காம எனக்குத் தூக்கம் வராது."

கட்டையை மேசைப் பிடியில் இறுக்கி ராவுவதற்காக எப்போதும் நடுவில் வைக்கிற குழாய்தான் அது. அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். தோளெல்லாம் குலுங்கச் சிரித்தாள்.

"நல்லவேளை, உங்க கைக்கு மூளை இருக்கு. தூக்குங்க இதை. பிடியில மாட்டுங்க. கேக்கை வெட்டுவோம்."

அச்சை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்துத் தேங்காய் மூடிபோல் இரண்டாகப் பிளந்தாள். கேக்கைப் பிடியில் படுக்கவைத்துப் பெரிய கத்தியால் ஓரங்களைச் சீவினாள். மெழுகுவத்தி குத்திய துளைகளெல்லாம் முதலில் போயின. அப்புறம் பெரிய அரம், அப்புறம் சின்ன அரம். பிளந்த அச்சின் உட்புறம் நீலச் சாக்பீஸைத் தடவி, கட்டைமேல் பொருத்தி எடுப்பாள். எங்கே நீலம் ஒட்டுகிறதோ அங்கே இன்னும் ராவ வேண்டும். தடவுவாள், பொருத்துவாள், ராவுவாள். ஊற்றினால் ஒரு நொடியில் வந்திருக்கிற வடிவத்தைக் கையால் தேடிக் கண்டுபிடிக்கிற வேலை. தோள்பட்டை கடுத்தது. பாதக்காரி அளவு நாடாவால் தையற்காரியின் காலைச் சுற்றி அளந்து கத்த, அக்கா கட்டையை அளந்து பதிலுக்குக் கத்தினாள். தையற்காரி ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டு, தன் கால் ஒரு கேக்குக்குள்ளிருந்து வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் போன் அடித்தது. கண்டக்டர். பாதக்காரி போனைப் பிடித்து வீடியோவில் காட்டினாள். பின்னால் மகன், மருமகள், எல்லோரும் வரிசையாக நின்றார்கள்.

"ஹேப்பி பர்த்டே!" தகரக் கூரை அதிர்ந்தது. "கேக் வெட்டியாச்சா?"

"வெட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் அக்கா, அரத்தை நிறுத்தாமல்.

"இன்னுமா வெட்டறே? அவ்ளோ பெரிய கேக்கா?"

"உங்க புண்ணியத்துல."

"அத்தை, மூஞ்சியெல்லாம் என்ன அது, க்ரீமா?" என்றாள் மருமகள்.

"மாவும்மா."

"அங்க போயும் மாவா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் கண்டக்டர். பிறகு அவர் குரல் ஒரு படி இறங்கியது. அபூர்வமாகத்தான் இறங்கும். "என்னடி, ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா நான்? முகம் ஒரு மாதிரி இருக்கே."

அக்கா முதல்முறையாக அரத்தை நிறுத்தினாள். சொல்ல நிறைய இருந்தது. ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க கேட்ட பெரிய கேக்தான் இன்னைக்கு ஒரு பொண்ணுக்குக் காலாகுது. போனை வைங்க, வேலை இருக்கு."

நீலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக ஒட்டியபோது கட்டையை மின்னடுப்பு வாய்க்கருகே வைத்துக் காயவிட்டார்கள். உள்ளே ஈரம் மிஞ்சினால் ஆவி கிளம்பிப் பிளாஸ்டிக் கொப்பளித்துவிடும். காத்திருக்கிற நேரம்தான் ராவுகிற நேரத்தைவிடக் கொடுமையாக இருந்தது. பிறகு தகட்டை அடுப்பிலிட்டார்கள். பால்வெள்ளையாக இருந்தது கண்ணாடிபோல் தெளிந்ததும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிவந்து கட்டைமேல் போர்த்தினார்கள். பம்பு உறுமியது. தகடு கட்டையை இழுத்து அணைத்துக்கொண்டது. கொப்பளம் இல்லை. தோல்காரர் மீசையைத் தடவினார்.

ஆறினதும் விளிம்பை அறுத்து, உள்ளே இருக்கிற கட்டையை உளியால் தட்டி உடைத்தாள் அக்கா. பொலபொலவென்று வெள்ளைத் துண்டுகள் மேசையில் விழுந்தன. பாதக்காரி அதில் ஒன்றை எடுத்து மரியாதையாகத் தையற்காரியிடம் நீட்டினாள். "இந்தாங்க, கேக். முதல் துண்டு உங்களுக்கு." தையற்காரி அதை வாங்கி முந்தானைபோல் தொங்கிய தன் சால்வை நுனியில் முடிந்துகொண்டாள்.

குழாயும் பாதமும் மாட்டி அவள் எழுந்து நின்றபோது நிர்வாகி சாவிக்கொத்தோடு வாசலுக்கு வந்துவிட்டாள். சத்தம் காட்டாமல் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். தையற்காரி நடை பழகுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு விட்டுவிட்டு நடந்தாள். வெளிப்பக்கம் கொஞ்சம் இடிக்கிறது என்றாள். அக்கா கிண்ணத்தைக் கழற்றி, அந்த இடத்தை லேசாக வாட்டிக் கட்டைவிரலால் தள்ளிக் கொடுத்தாள். மறுபடி நடந்தாள். நடந்தவள் திரும்பிவரவில்லை, நேராக ஜன்னலோர இயந்திரத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

வலது பாதத்தை மிதியில் வைத்தாள். இயந்திரம் ஒருமுறை முனகி, சுற்ற ஆரம்பித்தது. தடதடவென்று அந்தச் சத்தம் கொட்டகையை நிறைத்தது.

"அக்கா, அந்த ஏப்ரனைக் கழட்டுங்க" என்றாள் தலையைத் தூக்காமல். "பாக்கெட் கிழிஞ்சு தொங்குது. நான் வந்த முதல் நாள்லேர்ந்து பார்த்துக்கிட்டே இருக்கேன்."

தைத்து நூலைப் பல்லால் கடித்துக் கொடுத்தாள். நிர்வாகி விளக்கை அணைத்தாள்.

மறுநாள் அக்கா விருந்தாளி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொன்ன சொல் தவறவில்லை, ஒரு திருகாணியைத் தொடவில்லை. மாதக் கடைசிவரை அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரல்கள் மட்டும் நாற்காலிக் கைப்பிடியை அழுத்திக்கொண்டிருந்தன. ஊருக்குத் திரும்பினதும் கண்டக்டர் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவே காகிதத்தில் சுற்றியிருந்த வெள்ளைக் கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"என்னடி இது?"

"உங்க பங்கு கேக்" என்றாள் அவள். "கடிச்சிடாதீங்க. பல்லுக்குக் கட்டுப் போட எனக்குத் தெரியாது."